கைமணி

ஓட்டல் பூஜை அலமாரியிலிருந்து
கடன் வாங்கிய கைமணியை
மேனேஜர் என் கையில் திணித்தார்.
"பரிசு வாங்குற லேபர் ஆளுக்கு ரெண்டு நிமிஷம்.
தாண்டினா அடிச்சிடும்மா.
எட்டரைக்குத் தம் உடைக்கணும்."
கணக்குப் பிரிவில் பதினோரு வருடம் நான்.
கழிக்கத் தெரிந்தவள் என்று நினைத்திருப்பார்.

ஆம்பூரிலிருந்து நான்கு பஸ்.
வேலூர் பைபாஸ் ஓரம், ஏசி ஹால்.
பேனரில் ஒரு ஷூ,
எங்களில் யார் காலுக்கும் சேராத அளவு.
கம்பளத்தைப் பார்த்ததும்
யாரும் சொல்லாமலே
வாசலில் கழற்றிவிட்டு வந்தார்கள்:
இத்தாலிக்குத் தோல் ஷூ தைப்பவர்களின்
ரப்பர் செருப்புகள், குவியலாக.

முதலாளி பேசினார்.
'நாம் ஒரு குடும்பம்' மூன்று முறை,
'ஏற்றுமதி இலக்கு' ஒன்பது முறை.
மணியின் நாக்கை முந்தானையில் சுற்றிப்
பிடித்துக்கொண்டிருந்தேன்.
நோட்டில் எழுதினேன்: பத்தொன்பது நிமிடம்.
அவருக்கு மணி கிடையாது.

தையல் பிரிவு தில்ஷாத் பேகம்:
"இருவத்திரண்டு வருஷமா
எடது கால் மட்டும்தான் தெக்கிறேன்.
வலது கால் கோகிலா.
ஒத்தக் கால் ஷூவ மாட்டிக்கினு எவன் நடப்பான்?
ஷீல்டுல பாதி அவளுது.
உடைக்க வாணாம்னா
ஒரு மாசம் அவ வூட்ல, ஒரு மாசம் என் வூட்ல."
முப்பத்தொரு விநாடி.
பின்வரிசையில் கோகிலா
நாற்காலிக்கு அடியில் எதையோ தேடினாள்,
வெகுநேரம்.

கட்டிங் தாவீதுராஜ் மைக்கை இரண்டு தட்டு தட்டினார்.
"எங்க செக்சன்ல மூணாவது ஃபேன்
போன ரம்ஜானுக்கு நின்னுச்சு.
மத்தபடி எல்லாருக்கும் நன்றி."
முதலாளி சிரித்தார். அதனால் மேனேஜர் சிரித்தார்.
அதனால் ஹாலே சிரித்தது.
பிறகு, கடைசியில் சேர்ந்தவரிலிருந்து தொடங்கி,
ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

பேஸ்டிங் பிரிவு முனிலட்சுமி.
அவள் கையில் நான் எழுதிக் கொடுத்த சீட்டு:
'இந்த நல்வாய்ப்பை வழங்கிய நிர்வாகத்திற்கு...'
சீட்டைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள்.
வாயைத் திறந்து, மூடினாள்.

ஒரு நிமிடம்.
விரல் நுனியில் காய்ந்திருந்த சொல்யூஷனை
வெங்காயத் தோல் போல உரித்துக்கொண்டே நின்றாள்.
பெங்களூர் லாரிகள் கண்ணாடியை அதிரவைத்துப் போயின.
இரண்டு நிமிடம்.
உள்ளே அண்டா மூடியின் மைதா ஒட்டைக்
கரண்டியால் கொத்தும் சத்தம்.
மேனேஜர் என்னைப் பார்த்து
மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார்.
நான் என் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்து
நின்றுபோனதுபோல் ஆட்டிப் பார்த்தேன்.
மூன்று நிமிடம், பத்து விநாடி.

"உக்காந்துக்கட்டா?" என்றாள்.

அப்படி ஒரு கைதட்டல்
அந்த ஹாலில் அன்று வேறு யாருக்கும் விழவில்லை.
நானும் தட்டினேன்.
கையில் மணி இருப்பதை மறந்து.

சாப்பிட்டோம். பிரியாணி நன்றாகத்தான் இருந்தது,
கத்தரிக்காய்தான் கொஞ்சம் புளிப்பு தூக்கல்.

திரும்பும்போது பதினொன்று.
பள்ளிகொண்டா டோல்கேட்டில் வண்டி நின்றபோது
மூன்றாவது சீட்டிலிருந்து முனிலட்சுமி
யாரும் கேட்காமலே ஆரம்பித்தாள்.
முதல் நாள் கம் வாடைக்கு மயங்கி விழுந்தது,
எழுப்பிவிட்டவள் செத்துப்போனது,
அவள் பங்குக்கும் சேர்த்துத்
தான் ஒட்டிக்கொண்டிருப்பது,
மேடையில் ஏறியதும்
அவள் முகம் மட்டுமே தெரிந்தது,
நடுவே, அந்த சூப் எதுக்குடி அவ்ளோ தண்ணியா...

வேகத்தடையில் பஸ் ஏறி இறங்க
என் பைக்குள் மணி அடித்தது.
திருப்பிக் கொடுக்க மறந்திருக்கிறேன்.
"நேரம் முடிஞ்சிச்சி!" என்று பஸ்ஸே கத்தியது.
"இருங்கடி," என்றாள் முனிலட்சுமி,
"இப்பத்தான் வணக்கம் சொல்லிக்கினு கீறேன்."

மாதனூர் தாண்டியிருந்தது.